வலது எரியுது

எட்டு மாதம் அந்தத் துளையை ஒரு போல்ற்றால் அடைத்துவிட்டு ஓடினேன்.
நிற்க வேண்டிய இடங்களில்
வலக்கையை யன்னலுக்கு வெளியே நீட்டி
காற்றை மேலும் கீழும் அமத்தினேன்.
ஓட்டோக்காரர் சிலர்
தங்களைத்தான் கூப்பிடுகிறேன் என்று கிட்ட வந்தார்கள்.

கந்தர்மடச் சந்தியில் பொலிஸ் எழுதிய துண்டும்
புதன்கிழமை இணுவிலில் ஒரு மாப்பிள்ளைக்கு
மல்லிகைச் சரம் கட்டி ஓட ஒத்துக்கொண்ட வாடகையும்
சேர்ந்துதான் என்னைக் காருக்கு அடியில் படுக்க வைத்தன.

மொரிஸ் மைனர். ஐம்பத்தெட்டு.
பதிவுப் புத்தகத்தில் சாம்பல் நிறம்,
என் கண்ணுக்கு முருங்கைப் பட்டை.
சாக்கு விரித்து உள்ளே நுழைந்தால்
பிரேக் குழாய்கள் பிரியும் முடிச்சில்
அந்தச் சுவிச்சுக்கு ஓரிடம்.
கட்டைவிரல் அளவு. பித்தளை வயிறு. இரண்டு காது.

ஸ்ரான்லி வீதியில் வாங்கும்போது கடைப் பெடியன்
"ஆருக்கு அக்கா?" என்றான்.
"எனக்கு."
"மெக்கானிக்கிட்டக் குடுங்கோ."
மிச்சக் காசை இரண்டு தரம் எண்ணினேன்.

கூம்பு மரை. டேப் சுற்றக் கூடாது.
போல்ற் கழன்ற கணம்
எண்ணெய் மணிக்கட்டால் இறங்கி முழங்கையில் சொட்டியது.
ஒரு விரலால் துளையைப் பொத்திக்கொண்டு
மறுகையால் சுவிச்சைத் துழாவினால்
அது எட்டாத தூரத்தில், சாக்கின் மடிப்புக்குள்.
அந்த நேரம் சொன்ன சொல்லை எழுத மாட்டேன்.

பச்சை வயர் ஒரு காதுக்கு.
பச்சையில் ஊதாக் கோடு ஓடியது மற்றதுக்கு.
மாறினாலும் குற்றமில்லை.
இதற்கு இடம் வலம் கிடையாது,
அழுத்தம் மட்டும்தான் தெரியும்.

காற்றெடுக்க ஜாம் போத்தல், ஒரு முழம் ரியூப்.
பின் இடது சில்லில் தொடக்கம்.
மிதிக்கவும் ஓடிப்போய்ப் பார்க்கவும் நான் ஒருத்தியே.
குமிழி நிற்கப் பதினேழு தரம்.

இனித்தான் சிக்கல்.
மிதித்தால் எரிய வேண்டும்,
எரிவது மிதிப்பவளுக்குத் தெரியாது.
செங்கல் வைத்தேன், பாரம் காணவில்லை.
உலக்கையைச் சீற்றுக்கும் மிதிக்கும் இடையில் முண்டு கொடுத்தேன்,
அது வழுக்கி ஹோர்னில் விழ
ஒழுங்கை முழுக்கக் கத்தியது.

ஒழுங்கையை மறித்துத்தான் கார் நின்றது.
அதற்குப் பின்னால் ஸ்கூட்டியில்,
கைபிடியில் தொங்கும் ரோஸ் பாண் பையோடு
நவரத்தினராசா.
ஓரடி நாலங்குலம் என் காணிக்குள் மதில் வைத்தவர்.
மூன்று வருடமாய் எங்களுக்காகக் கதைத்தது
அப்புக்காத்துமார் மட்டும்.
வருகிற பதினாலாம் திகதியும் தவணை.

காரை ஒதுக்கலாம் என்றுதான் ஏறினேன்.
சாவியைத் திருப்பினேன். கால் தன்பாட்டில் மிதித்தது.

பின்னால் சத்தமில்லை.
பிறகு, ஆருக்கும் இல்லாமல்
வேப்பமரத்துக்குச் சொல்வதுபோல்:
"வலது எரியுது."
கொஞ்சம் விட்டு,
"இடது இல்லை."

இறங்கினேன். இரண்டு ஸ்குரூ, சிவப்பு மூடி.
பல்ப்பில் பிழையில்லை. அது இருக்கும் கூட்டில் துரு.
கைப்பையில் கிடந்த நகம் ராவும் அரத்தால்
தகரம் வெளிக்கும்வரை சுரண்டினேன்.
அவர் ஸ்கூட்டியை நிறுத்தியிருந்தார்.
சூடு ஆறிக்கொண்டிருந்தது பாண்.

திரும்ப ஏறி மிதித்தேன்.
பொழுது பட்டிருந்தது.
கண்ணாடியில் பார்த்தால்
அவருடைய வெள்ளைச் சேட் சிவப்பு,
பாண் பை சிவப்பு,
வழக்கில் கிடக்கும் மதிலின் முனையும் சிவப்பு.

"ரெண்டும்" என்றார்.
ஒதுக்கிய இடைவெளியால்
முகம் திருப்பாமல் போனார்.

பதினாலாம் திகதி, நீதிமன்ற வாசலில்
என் அப்புக்காத்து கேட்டார்:
"எதிராளியோட ஏதும் கதைச்சனீங்களோ?"
"இல்லை" என்றேன்.
பொய்யில்லை.
நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை.
மிதித்தேன், அவ்வளவுதான்.